பழைய கல்சுவருக்குச் சிமென்ட் வைக்கும் முன்

“சுவரில் ஓதம் ஏறியது. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்தோம். இப்போது வீட்டுக்குள்ளே பூச்சு பொரிகிறது.” பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இந்தப் புகாரைக் கேட்காத மழைக்காலம் இல்லை.

தாத்தா காலத்துக் கல்சுவரின் அடியில் மண் ஈரம் ஏறாமல் தடுக்கும் ஓதத்தடுப்பு எதுவும் கிடையாது. மண்ணிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஈரம் ஏறத்தான் செய்யும். சந்துகளில் இருக்கும் சுண்ணாம்புக் காரை நுண்துளைகள் நிறைந்தது. ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். கூடவே வரும் உப்பும் காரையில்தான் பூக்கும், காரையைத்தான் உதிர்க்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கொத்தனார் அதைச் சுரண்டிவிட்டுப் புதுக் காரை வைப்பார். கல் அப்படியே இருக்கும். சிமென்ட் வைத்தால் இந்த வழி அடைபடுகிறது. ஈரம் கல்லுக்கும் உட்பக்கப் பூச்சுக்கும் திரும்புகிறது.

சிமென்ட் பட்டால் கல்லே போய்விடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். மணற்கல், செம்புறாங்கல், கடற்கரை ஊர்களின் பவளக்கல் இவற்றுக்கு அது உண்மை. கல்லின் முகம் செதில் செதிலாகக் கழன்று, சிமென்ட் சந்து மட்டும் வரப்பு மாதிரி துருத்தி நிற்கும். கருங்கல்லுக்கு அப்படி நேரடிச் சேதம் குறைவு. ஆனால் நம் கருங்கல் சுவர்கள் பலவும் இரு முகத்திலும் கல் வைத்து, நடுவில் சல்லியும் காரையும் போட்டு நிரப்பியவை. விறைப்பான சிமென்ட் மயிரிழை விரிசல் விடும். அதில் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் நடுக்காரையை அரிக்கும். பிறகு ஒருநாள் சுவர் வயிறு தள்ளி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

காரையே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய கட்டுமானமும் உண்டு. சோழர் காலக் கற்றளிகள், அதாவது கற்கோயில்கள், பலவும் அப்படித்தான். அந்தச் சந்துகளில் சிமென்ட் திணிக்க எந்த நியாயமும் இல்லை. நீர் ஒழுகினால் மேல்தளத்தைப் பாருங்கள்.

வீட்டுச் சுவரிலும் கரணையை எடுக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைப்பு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்ட புண்ணியமும் நமக்கு உண்டு. சந்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். வேர் தடித்துவிட்டால் அந்தப் பகுதிக் கற்களுக்கு எண் போட்டுப் பிரித்து, வேரை எடுத்த பிறகு திரும்பக் கட்டுவதுதான் வழி.

சுண்ணாம்பிலும் வகை உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பு தூய்மையானது, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். தடித்த சுவரின் உள்ளே வெகுகாலம் பச்சையாகவே கிடக்கும். அதனால்தான் அதில் சுர்க்கி, அதாவது அதிகம் வேகாத செங்கல்லின் தூள், சேர்த்தார்கள். களிமண் கலந்த சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர நிர்ணயமும் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் சுண்ணாம்பைப் பிரிக்கிறது. வெள்ளையடிக்க விற்கும் தூள் மூட்டை நாள்பட்டதென்றால் காற்றுப்பட்டுச் செத்திருக்கும். கடுக்காய்த் தண்ணீரைப் பற்றி இப்போது பெரிய பேச்சு. கடுக்காயும் வெல்லமும் காரையைக் குழைவாக்கும், நல்லதுதான். மட்டமான சுண்ணாம்பை அவை காப்பாற்றாது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும். முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் வாளி கூடாது. மேஸ்திரி சிரித்தாலும் சித்தாள் வரை எல்லோருக்கும் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். கண்ணில் தெறித்தால் குறைந்தது இருபது நிமிடமாவது சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பார்வையே போகும் காயம் அது. கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால் நீற்றியதைத் தண்ணீருக்கடியில் இரண்டு வாரமாவது ஊறவிடுங்கள், ஒரு மாதம் இன்னும் நல்லது.

சந்துகளிலுள்ள பழைய காரையை உளியும் சுத்தியும் கொண்டு, அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் எடுக்க வேண்டும். கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். முந்தின நாளே சுவரை நனையுங்கள். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்குப் பொதுவாக இரண்டரை முதல் மூன்று பங்கு மணல்; கடல் மணல் வேண்டவே வேண்டாம். ஆழமான சந்தில் ஒரே மூச்சில் திணிக்காமல், சக்கைக் கல், அதாவது சிறு கல் துண்டு, வைத்து அடுக்கடுக்காக இறுக்குங்கள். மறுநாள் விரிசல் தெரிந்தால் அழுத்திவிட்டு, ஈரக் கோணிச் சாக்கால் இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஐப்பசி அடைமழையும் அக்னி நட்சத்திரமும் இந்த வேலைக்கு ஆகாது. தை, மாசி தோது.

“சீக்கிரம் இறுக ஒரு சட்டி சிமென்ட் போடலாமா?” என்று கேட்பார்கள். போட்டால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்காது. அந்த அவசரம் பெரும்பாலும் கூலிக் கணக்கில் இருந்து வருகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் கொத்தனார் ஓடத்தான் செய்வார். நாள் கூலி பேசுங்கள். முதலில் கண்ணில் படாத மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் வைத்துப் பார்த்து, அது இறுகிய விதம் திருப்தியாக இருந்தால் மீதிச் சுவரைத் தொடச் சொல்லுங்கள்.