தட்டச்சு செய்தவை மறைவது ஏன்?

வலைப்படிவம் ஒன்றில் 'மேலும் ஒருவரைச் சேர்' என்ற பொத்தானை அழுத்தியதும் புதிய பெட்டி தோன்றுகிறது, ஆனால் ஏற்கெனவே நிரப்பிய பெட்டிகள் வெறுமையாகிவிடுகின்றன, பிழைச்செய்தியும் வருவதில்லை. இதற்குக் காரணம் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உலாவி, பக்கத்தை விவரிக்கும் எச்டிஎம்எல் உரையைப் படித்து நினைவகத்தில் ஒரு மரமாக அமைத்துக்கொள்கிறது என்பதும், பக்கத்தில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கையாள்வது அந்த மரத்தையே என்பதும் பலரும் அறிந்தவை. 'டாக்குமெண்ட்.ஃபார்ம்ஸ்' வழியே படிவத்தையும், அதன் 'எலிமெண்ட்ஸ்' தொகுப்பிலிருந்து பெயரைச் சொல்லிப் பெட்டியையும் எடுத்துவிடலாம்.

சுவையான இடம், பெட்டியின் மதிப்பைக் குறிக்கும் 'வேல்யூ'வில் இருக்கிறது. குறிச்சொல்லில் (பெட்டியை விவரிக்கும் எச்டிஎம்எல் உரையில்) எழுதப்படும் வேல்யூ, பெட்டியின் தொடக்க மதிப்பு மட்டுமே. அங்கே 'குமார்' என்றிருக்க, பயனர் அதை அழித்துவிட்டுக் 'கயல்' என்று தட்டினால், 'பெட்டி.வேல்யூ' என்று கேட்கும் நிரலுக்குக் 'கயல்' கிடைக்கும். குறிச்சொல்லில் உள்ளதைப் படிக்கும் 'கெட்அட்ரிபியூட்' மூலம் கேட்டாலோ இன்னமும் 'குமார்'தான் கிடைக்கும். பயனர் தொடாதவரை, குறிச்சொல்லின் மதிப்பை மாற்றினால் திரையிலும் மாறும். முதல் எழுத்தைத் தட்டியதுமே உலாவி அந்தப் பெட்டிக்கு ஓர் உட்குறியை இட்டுவிடுகிறது. எச்டிஎம்எல் தரநிலை இதனை 'டர்ட்டி வேல்யூ ஃபிளாக்' என்று குறிப்பிடுகிறது. அதன்பின் குறிச்சொல்லின் மதிப்பை 'செட்அட்ரிபியூட்' கொண்டு எத்தனை முறை மாற்றினாலும் திரையில் ஒன்றும் நிகழாது. படிவத்தை 'ரீசெட்' செய்தால்தான் குறி நீங்கித் தொடக்க மதிப்பு திரும்பும்.

'மேலும் ஒருவரைச் சேர்' போன்ற பொத்தான்களுக்கான நிரல்களில் பெரும்பாலும், ஒரு பகுதியின் எச்டிஎம்எல் உரையைத் தரும் 'இன்னர்எச்டிஎம்எல்' உடன் புதிய பெட்டிக்கான உரையைக் கூட்டல் குறியால் ஒட்டியிருப்பார்கள். அப்போது உலாவி இருக்கும் மரத்தை உரையாக மாற்றி, புதியதைச் சேர்த்து, பழைய பெட்டிகளை நீக்கிவிட்டு அனைத்தையும் புதிதாக உருவாக்குகிறது. அந்த உரையில் 'குமார்' இருக்கும், 'கயல்' இருக்காது. கால் நொடி தாமதித்தால் சரியாகிவிடும் என்று நிரலைத் தாமதித்து இயக்கும் 'செட்டைம்அவுட்'டைத் தாயத்தாகக் கட்டுபவர்களும் உண்டு; அது அழிவதைத் தள்ளிப்போடுமேயன்றித் தடுக்காது.

'கிரியேட்எலிமெண்ட்' கொண்டு பெட்டியை உருவாக்கி, 'அப்பெண்ட்சைல்ட்' மூலம் மரத்தில் இணைப்பதே முறை. இணைக்கும்வரை அது நினைவகத்தில் மட்டுமே இருக்கும். இணைக்கும்போது மற்றப் பெட்டிகள் தொடப்படுவதில்லை என்பதால் 'கயல்' அப்படியே நிற்கும். பெட்டிக்குப் பெயரிடும் 'நேம்' பண்பையும் தவறாமல் கொடுக்க வேண்டும். அது இல்லாத பெட்டி திரையில் தெரிந்தாலும், அதன் மதிப்பு வழங்கிக்கு (சர்வருக்கு) செல்லாது. ஆனால் 'சப்மிட்' என்று மட்டும் பெயரிட வேண்டாம்: படிவத்தை அனுப்பும் அதன் 'சப்மிட்' செயற்கூறை (ஃபங்ஷனை) அந்தப் பெட்டி மறைத்துவிடும் என்பதால், நிரலிலிருந்து 'படிவம்.சப்மிட்' என்று அழைத்தால் அது செயற்கூறு அல்ல என்ற பிழையே வரும்.