வெஸ்டர்ன் (கௌபாய்) பூட்ஸில் ஏன் வெடிப்பு விழுகிறது?

மழையில் நனைந்த தோல் பூட்ஸ், நனையும்போது கெடுவதைவிட காயும்போதுதான் அதிகம் கெடுகிறது. தோல் என்பது கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும் வலை. குரோமிய உப்போ தாவரத் துவர்ப்போ ஏற்றிப் பதனிட்ட பிறகு அதற்கு எண்ணெய் ஊட்டுவார்கள். தோல் மடங்கும்போது நார்கள் உரசாமல் வழுக்கிப் போவது அந்த எண்ணெயால்தான். நனைந்து நனைந்து காய்ந்தால் எண்ணெய் மெல்ல வெளியேறும். நார்கள் ஒட்டி விறைத்துப்போகும். விறைத்த தோலை மடக்கினால் வெடிக்கும். வெடித்த இடத்தில் நாரே அறுந்துவிடுவதால், பிறகு எவ்வளவு கிரீம் தடவினாலும் ஒட்டாது.

முதல் வெடிப்பு பெரும்பாலும் விரல்களுக்குப் பின்னால், நடக்கும்போது மடங்கும் வரியில் விழும். தூசி போய் உட்காருவதும் அங்கேதான். ஒவ்வொரு அடிக்கும் அது உப்புத்தாள்போல் தேய்க்கும். ஆகவே தண்ணீரைத் தொடுமுன் குதிரைமுடி பிரஷால் மடிப்பையும், மேல்தோலும் சோலும் சேரும் வெல்ட் விளிம்பையும் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். பிறகு இறுகப் பிழிந்த ஈரத்துணி. அழுக்கு அதற்கும் போகாவிட்டால் மட்டும் தோல் பொருள்களுக்கான சேடில் சோப். தோல் இயல்பில் அமிலத்தன்மை உள்ளது, சோப்போ காரம். நுரையை ஊறவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெயையும் சேர்த்து உருவிவிடும். அதன் பக்கமே போக வேண்டாம்.

வெள்ளை உப்புக்கோடு படிந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒற்றி எடுத்து, வெறும் ஈரத்துணியால் மறுபடி துடைக்கலாம். கறையை மட்டும் நனைத்தால் ஈரம் நின்ற ஓரத்தில் புதுக் கோடு விழும். அந்தத் துண்டு முழுவதையும், தையல் வரை, ஒரே சீராக நனைக்க வேண்டும்.

காயவைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். உள்ளே செய்தித்தாளைத் தளர்வாகத் திணித்து, அது ஈரமானதும் மாற்றி, சோலிலும் காற்றுப்படும்படி பூட்ஸைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். வெயில், ஹீட்டர், ஹேர் டிரையர் மூன்றும் ஆகாது: தாவரத் துவர்ப்பால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே நிரந்தரமாகச் சுருங்கத் தொடங்கும். தோல் சோல் பெரும்பாலும் இந்த வகைதான். மரபான தயாரிப்பில் அதன் இடுப்புப் பகுதியை, அதாவது குதிகாலுக்கு முன்னால் உள்ள குறுகிய நடுப்பகுதியை, மர ஆணிகள் பிடித்திருக்கும். தோலோடு சேர்ந்து உப்பிச் சுருங்கும் அவை, அளவுக்கு மீறிக் காய்ந்தால் பிடி தளரும்.

முழுதும் காய்ந்த பிறகு, தோலுக்கு எண்ணெய் ஊட்டும் கண்டிஷனர். ஒரு காலுக்கு அரை டீஸ்பூனில் தொடங்கி மெல்லிசாகப் பரப்பி, சில மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். வெஸ்டர்ன் பூட்ஸுக்கு நாடா கிடையாது. புறங்காலை இறுக்கிப் பிடிக்கும் தோலே பாதத்தை நிறுத்துகிறது. எண்ணெய் மிஞ்சினால் அது தொளதொளத்து, குதிகால் உள்ளே ஏறி இறங்கும். உயரமான மேற்பகுதியும் கணுக்கால்மேல் சரியும். மிங்க் என்ற விலங்கின் கொழுப்பில் எடுக்கும் மிங்க் எண்ணெய் நிறத்தைக் கருக்கும் என்பதால், பூட்ஸை மாட்டும்போது பிடித்து இழுக்கும் பட்டைக்கு அடியில் ஒரு சொட்டு தடவி மறுநாள் பார்ப்பது நல்லது. பாலிஷ் நிறத்துக்கும் பளபளப்புக்கும்தான். கண்டிஷனரின் வேலையை அது செய்யாது.

அலமாரியில் இருந்து எடுக்கும்போது வெள்ளைப் படலம் தெரிந்தால் பூஞ்சணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்து உறைந்ததாகவும் இருக்கலாம். உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சூடாக்குங்கள்: கொழுப்பானால் உருகி மறையும். பூஞ்சணம் உருகாது, முடைநாற்றமும் அடிக்கும்.

பாம்பு, பல்லித் தோலைச் செதில் படிந்திருக்கும் திசையிலேயே துடைக்க வேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் செதில் நுனி கிளம்பிவிடும். மேற்பரப்பு பஞ்சுபோல் மென்மையாக இருக்கும் ஸ்வீடு தோலுக்குக் கிரீமே கூடாது, பிரஷும் ரப்பரும் போதும்.