பழங்குடிக் கிராமத்தில் கேமரா: பிளாஸ்டிக் குடத்தையும் எடுங்கள்

பழங்குடிக் கிராமங்களுக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் காட்டும் படங்களில் பிளாஸ்டிக் குடம் அநேகமாக இருக்காது. செல்போன், டி-சர்ட், கூரைமேல் சோலார் தகடு, எதுவும் இருக்காது. ஊரில் இருந்திருக்கும், படத்துக்கு வெளியே தள்ளியிருப்பார்கள். தலைப்பு மட்டும் 'அன்றாட வாழ்க்கை'.

பழக்கம் பழையதுதான். அமெரிக்கப் பூர்வகுடிகளைப் படமெடுத்த எட்வர்ட் கர்ட்டிஸ், 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகளை வெளியிட்டார். பிகன் இனத்தவரின் கூடாரத்துக்குள் எடுத்த ஒரு படத்தில், உட்கார்ந்திருக்கும் இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சுக்குப் போனபோது அதை அழித்துவிட்டார்கள். கர்ட்டிஸ் ஒளியைக் கையாண்ட விதத்தை இன்றைக்கும் பார்த்துக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் படத்திலேயே சுவாரசியமான பொருள் அந்தக் கடிகாரம்தான்.

நாம் எதைத் தேடி வருகிறோம் என்று ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி இனப் பெண்கள் கீழுதட்டில் தட்டு அணிவார்கள். படத்துக்கு இவ்வளவு என்று அங்கே காசு உண்டு. அதனால் பயணிகள் வரும் நேரத்தில், வழக்கத்தில் இல்லாத அலங்காரங்களும் தலையில் ஏறும். இதில் அவர்களைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? ஸ்டுடியோவில் மாடலுக்குச் சம்பளம் கொடுக்கிறோம், இங்கே காசு கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் காசு கொடுத்து நிற்கவைத்து எடுத்த படம் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் 'அன்றாட வாழ்க்கை' என்றாவது போடாதீர்கள்.

சில இடங்களில் சிக்கல் இதைவிட ஆழமானது. மியான்மரிலிருந்து அகதிகளாக வந்த கயான் மக்கள், தாய்லாந்தின் வடபகுதியில் நுழைவுக் கட்டணம் வாங்கும் கிராமங்களில் இருக்கிறார்கள். அங்குள்ள பெண்களின் கழுத்து வளையங்களைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அவர்களில் சிலருக்கு வேறு நாடுகளில் குடியேற வாய்ப்பு வந்தும் வெளியேற அனுமதி கிடைக்கவில்லை என்பது 2008-ல் பெரிய சர்ச்சையானது. ஐ.நா. அகதிகள் அமைப்பே அந்தக் கிராமங்களின் நிலையை 'மனிதக் காட்சிசாலை' என்று கண்டித்தது. இப்படிப்பட்ட இடங்களில் எப்படி எடுப்பது என்று யோசிக்கும் முன்னால், போகத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

சட்டமே தடுக்கும் இடங்களும் உண்டு. அந்தமானில் ஜாரவா மக்களைப் படமெடுத்தால் சிறைத் தண்டனை வரை போகும். அமெரிக்காவில் ஹோபி பூர்வகுடிகளின் கிராமங்களில் கேமரா மட்டுமல்ல, ஒலிப்பதிவும் கூடாது, வரையவும் கூடாது. அங்கெல்லாம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அனுமதி உள்ள ஊரிலும் யாரிடம் கேட்பது என்பது எளிதல்ல. "எடுங்க சார், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பார் வழிகாட்டி. அவர் சொல்வது அவருடைய சம்மதம். ஊர்த் தலைவர் சரி என்றாலும், அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும் பெண் சரி சொன்னதாக ஆகாது. சடங்கு என்றால் நேர்மாறு: ஆடுபவர் ஒருவர் ஒப்புக்கொண்டால் போதாது, ஊரே ஒப்புக்கொள்ள வேண்டும். பூர்வகுடிகளின் கலை, வடிவங்கள், மரபறிவு அவர்களுக்கே உரியவை என்று 2007-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனமும் சொல்கிறது.

படிக்கத் தெரியாத மொழியில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வாங்குவது நம்மைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலை. அதற்குப் பதில், ஏற்கெனவே வெளியான படங்களை இணையப் பக்கத்திலும் பத்திரிகையிலும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே போனில் காட்டுங்கள். "உங்க படமும் இப்படி வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று மொழி தெரிந்தவர் மூலம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். சம்மதம் கொடுத்தவரின் பதிலை அவர் மொழியிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். தூரத்திலிருந்தே எடுக்க உதவும் 200 மி.மீ. லென்ஸை விட்டுவிட்டு, அகலமாகப் பார்க்கும் 35 மி.மீ. எடுத்துப் போங்கள். பக்கத்தில் போகாமல் படம் கிடைக்காது, பேசாமல் பக்கத்தில் போக முடியாது. குடிசைக்குள் இருட்டாகத்தான் இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். கேமராவின் ஒளியுணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றிவிட்டு, வாசலிலிருந்து வரும் ஒளிக்குக் காத்திருங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது புள்ளிபுள்ளியாக வந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

ஊர் திரும்பியபின் நடப்பதைப் பலரும் யோசிப்பதில்லை. படங்களை விற்கும் தளத்தில் ஒரு குழந்தையின் முகத்தை ஏற்றிவிட்டால், அதை வாங்குபவர் எந்தச் செய்திக்குப் பக்கத்தில் போடுவார் என்று நமக்குத் தெரியாது. அது பசியைப் பற்றியதாக இருக்கலாம், நோயைப் பற்றியதாக இருக்கலாம். உண்மையில் அந்தக் குழந்தை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கும். குழந்தைகளின் படங்களை நான் அங்கே ஏற்றுவதே இல்லை. மற்ற படங்களிலும் ஜி.பி.எஸ். தகவலை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுவேன், வட்டாரத்தின் பெயர் போதும். கையடக்க பிரிண்டர் இருந்தால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் அனுப்புவதில்லை.