தக்காளித் தோட்டத்துக்கு ஒரு குட்டிக் கணினி

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடும் வீட்டுப் பிள்ளைகள் கையில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி கிடைத்தால், முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இதை வைத்து மோட்டாரைப் போடலாமா?" போடலாம். ஆனால் அது கடைசி வேலை. முதலில் ஒரு எல்இடியை எரிய விடுங்கள்.

பலகையின் ஓரத்தில் 40 பின்கள் நிற்கின்றன. நிரலில் 'ஆன்' என்றால் நாம் சொன்ன பின்னில் 3.3 வோல்ட் வரும். 'ஆஃப்' என்றால் சுழியம். 11ஆம் பின்னிலிருந்து (நிரலில் இதன் பெயர் ஜிபிஐஓ 17) 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்இடியின் நீளக் காலுக்கு ஒரு வயர், குட்டைக் காலிலிருந்து 6ஆம் பின்னுக்கு இன்னொன்று. அதுதான் கிரவுண்ட், மின்சாரம் திரும்பும் வழி. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் மின்னோட்டத்துக்குக் கடிவாளமே இல்லை, அந்தப் பின் கெட்டுப்போகலாம். இந்தப் பின்களில் நேராக 5 வோல்ட் கொடுத்தாலும் அதே கதிதான்.

சரி, இனி மண்ணுக்கு வருவோம். பையின் பின்களுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும். ஈரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் காய்வது. மண்ணில் செருகும் ஈர சென்சாரின் வோல்ட்டும் அதற்கேற்ப மெல்ல மாறும். அதை எண்ணாக்க எம்சிபி3008 போன்ற ஒரு சில்லு வேண்டும்: 3.3 வோல்ட்டை அது 1024 படிகளாகப் பிரிக்கும், 1.65 வோல்ட் வந்தால் 512 என்று சொல்லும். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சிறிய பலகையில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. தோட்டத்துக்கு நான் பைக்கோவைத்தான் சொல்வேன்.

சென்சாரில் கெபாசிட்டிவ் வகையை வாங்குங்கள். உலோகக் கால்கள் வெளியே தெரியும் வகை ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்து சீக்கிரமே அரித்துப்போகும். மின்புலத்துக்கு இசையும் தன்மை தண்ணீருக்குச் சுமார் 80, காய்ந்த மண்ணுக்கு ஒற்றை இலக்கம்தான். கெபாசிட்டிவ் சென்சார் அளப்பது இந்த வித்தியாசத்தை. செம்மண்ணில் வரும் எண் களிமண்ணில் வராது. அதனால் உங்கள் வயல் மண்ணையே காயவைத்து ஒரு முறை, நன்றாக நனைத்து ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் மோட்டார். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பலகையின் பின் ஒன்றால் அதன் காயிலை நேராக இழுக்க முடியாது. டிரான்சிஸ்டரோடு வரும் ரிலே பலகை வேண்டும். போர்வெல் ஸ்டார்ட்டருக்குள் இருப்பது ஆளைக் கொல்லும் மூன்று பேஸ் மின்சாரம். அந்தப் பெட்டியை மட்டும் எலெக்ட்ரீஷியன் திறக்கட்டும்.