க்விட்: கடன் தீர்ந்தவரின் சொல்

அமெரிக்காவில் 2003-இல், புகைக்கும் செவிலியர்களுக்காகவே ‘டொபாக்கோ ஃப்ரீ நர்சஸ்’ என்ற முயற்சி தொடங்கியது. அதன் துணையோடு, சிகரெட்டை விட நினைத்த செவிலியர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க இணையத்தில் கூடிய இடம் ‘நர்சஸ் க்விட்நெட்’. பிறகு ட்விட்டரில் ‘ட்வீட்-டு-க்விட்’ வந்தது, உலக சுகாதார நிறுவனத்தின் வாட்ஸ்அப் ‘க்விட் சேலஞ்ச்’ வந்தது. எல்லாப் பெயரிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது, விடுதல் என்று பொருள்படும் இந்த ஆங்கில ‘க்விட்’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இன்று வேலையை விட்டாலும் க்விட், ஆட்டத்தைப் பாதியில் விட்டாலும் க்விட். அதனால் சொல்லில் கொஞ்சம் தோற்றுப்போன வாடை. மூலத்தில் அது கிடையாது. லத்தீன் ‘குவியேட்டுஸ்’ என்றால் அமைதியடைந்த நிலை. இடைக்கால லத்தீனில் அது கடனோ கடமையோ தீர்ந்து விடுபட்டதைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. இருவர் கணக்கு நேரானால் ஆங்கிலேயர் இன்றும் ‘க்விட்ஸ்’ என்கிறார்கள்.

இதன் எதிர்ச்சொல் ‘அடிக்ட்’. அதுவும் கடன் விவகாரம்தான். பழைய ரோமச் சட்டத்தில், கடனைக் கட்டாதவனைக் கொடுத்தவன் கையிலேயே ஒப்படைத்துவிடுவார்கள், அவன் ‘அடிக்டுஸ்’. நம் ‘புகைக்கு அடிமை’ இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனாலும் அந்தச் சொல் வேண்டாம் என்பதே என் கட்சி. வார்டில் “பீடியை விடுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு, மாடிப்படிக்குப் பின்னால் போய்ப் பற்றவைக்கும் டாக்டருக்கு ஏற்கெனவே கூச்சம் அதிகம். ‘அடிமை’ என்று எழுதினால் இன்னும் ஒளிந்துகொள்வார். போதைப்பொருள் விஷயத்தில் ‘அடிக்‌ஷன்’ என்பதற்குப் பதில் ‘டிபென்டன்ஸ்’ என்று சொல்லும்படி உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1964-லேயே பரிந்துரைத்தது. தமிழில் ‘சார்பு’. நோயின் பெயர் ‘நிகோடின் சார்பு’ என்றால் போதும்.

இந்தக் கூச்சத்தால்தான் மூடிய குழுக்களுக்கு வேலை இருக்கிறது. ‘ட்வீட்-டு-க்விட்’ செய்த கலிபோர்னிய ஆய்வாளர்கள் 20 பேர் கொண்ட தனிக்குழுக்களை 100 நாள் ஓடவிட்டார்கள். அது பொதுமக்களுக்கானது என்றாலும் பாடம் மருத்துவமனைக்கும் பொருந்தும். நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு “கை பரபரங்குது” என்று ஒருவர் தட்டுகிறார். “தண்ணி குடிச்சிட்டு வா, பேசிட்டிருப்போம்” என்று இன்னொரு வார்டிலிருந்து பதில் வருகிறது. தவிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த ஆலோசகர் விழித்திருப்பார்?

கடன் கணக்கு என்றதும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1951-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆய்வாளர்கள் புகைப்பழக்கம் பற்றி அவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள்; சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். ஆண் மருத்துவர்களை 50 ஆண்டு தொடர்ந்து பார்த்து 2004-இல் முடிவு வெளியானது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 60 வயதில் விட்டவர் அதில் 3 ஆண்டை மீட்டார், 50-இல் விட்டவர் 6, 40-இல் விட்டவர் 9. முப்பதில் விட்டவருக்குக் கடன் ஏறக்குறைய முழுதும் தீர்ந்தது.

சரி, தமிழில் என்ன? ‘புகை நிறுத்தம்’ அரசாணை போல இருக்கிறது. ‘புகை விடுதல்’ என்று எழுதிவிடாதீர்கள். “புகை விட்டார்” என்றால் ஊதித் தள்ளினார் என்று அர்த்தம்! ‘புகைப்பதை விடுதல்’ என்று நீட்டித்தான் ஆகவேண்டும். பேச்சில் “தம்மை விட்டுட்டேன்” என்கிறோமே, அதில் குழப்பமே இல்லை. தம் என்பது பாரசீகத்தில் மூச்சு. பிரியாணிக்குப் போடும் தம்மும் அதுவே.

விடுதலுக்கு நம்மிடம் பழைய ஜோடி ‘பற்று’. குறள் ஒன்று ‘பற்று விடற்கு’ என்றே முடிகிறது. தீ பற்றும், மனம் பற்றும், கணக்கேட்டில் பற்று வரவு உண்டு. சிகரெட்டுக்கு மூன்றுமே ஒத்துவருகின்றன. அந்த விடு நீண்டால் வீடு, அறம் பொருள் இன்பத்துக்குப் பின் வருகிற வீடு. லத்தீன்காரரின் அமைதி இதற்கு ரொம்பத் தூரமில்லை.

ஆகவே நோய்க்கு ‘நிகோடின் சார்பு’, செயலுக்கு ‘புகைப்பதை விடுதல்’. மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவுக்கு ‘விட்டாச்சு’ என்று பெயர் வைக்கலாம். இன்னும் விடாதவர்களும் அதில் இருப்பார்கள் என்றால் ‘விடுவோம்’.