குறைந்த காசில் பாட்டுப் பெட்டி: கசெற்றா, சீடியா, மெமரி காட்டா, போனா?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ எலெக்ட்ரோனிக் சாமான் கடைக்குள் போனால் ஒரே அலுமாரியில் நாலு தலைமுறைச் சாமான்கள் இருக்கும். பழைய கசெற் ரேடியோ, தூசி படிந்த சீடி பிளேயர், மெமரி காட் போடும் சின்ன ஸ்பீக்கர், பட்டன் போன். வாங்க வருபவர் "எது நல்லது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. கேட்கப்போகும் பாட்டு இப்போது எதில் இருக்கிறது, கேட்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா என்ற இரண்டும் தெரிந்தால்தான் பதில் வரும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயல் காவலுக்கு வாடியில் (குடிசையில்) இரவு தங்குபவருக்கும், காத்தான்குடியில் சமைத்துக்கொண்டே பயான் (மார்க்கச் சொற்பொழிவு) கேட்கும் உம்மாவுக்கும், அப்பா ஆடிய வடமோடிக் கூத்தைக் கசெற்றில் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் ஒரே சாமான் பொருந்தாது.

பழுது பார்ப்பவர்கள் என்ற முறையில் எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கையில் காசு குறைவென்றால் மூன்று விசயம் பார்த்து வாங்குங்கள்: எம்.பி.3 கோப்பு பாட வேண்டும், பாட்டு இருக்கும் மெமரி காட்டைக் கழற்ற முடிய வேண்டும், பற்றரியை ஊர்க் கடையில் வாங்கி மாற்ற முடிய வேண்டும். நிறமும் லைற்றும் பிறகு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், பாட்டைப் பதிந்து வைக்கும் வடிவம் (கசெற், டிஸ்க், கோப்பு வகை) செத்தால் பெட்டியும் செத்துவிடும். 1992இல் பிலிப்ஸ் டிஜிட்டல் கசெற்றைக் கொண்டுவந்தது, சோனி மினிடிஸ்க்கைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் கசெற் 1996இலேயே கைவிடப்பட்டது. மினிடிஸ்க் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது; அதன் வெற்று டிஸ்க் செய்வதை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. அப்பிளின் பாட்டுப் பெட்டியான ஐபொட் 2001இல் வந்து 2022இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் பாட்டை வெறுமனே கொப்பி பண்ணிப் போட முடியாது, ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய சாமான்களுக்குள் மினிடிஸ்க்கோ ஐபொட்டோ மலிவாகக் கிடைத்தாலும் அலங்காரத்துக்கு வாங்கலாம், பாட்டுக் கேட்க வேண்டாம். எம்.பி.3 இன் உரிமக் கட்டணத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிந்தது. இன்றைக்கு எந்த மலிவான சிப்பும் அதைப் பாடும். அதைவிடச் சிறந்த வடிவங்கள் உண்டு. ஆனால் மலிவுப் பெட்டி பாடாத வடிவம் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை.

கசெற் இருப்பவர்களுக்கு

புதிதாகப் பாட்டுக் கேட்கக் கசெற் பிளேயர் வாங்காதீர்கள். உள்ளே சுழற்றும் ரப்பர் பெல்ற் இழுபட்டுப் பாட்டு இழுத்து இழுத்துப் பாடும், ரப்பர் உருளை இறுகி நாடாவைத் தின்னும், சரியான அளவுப் பெல்ற் தேடியே களைத்துவிடுவீர்கள். ஆனால் வீட்டில் கூத்தோ, கண்ணகி குளிர்த்திப் பாட்டோ, இறந்துபோனவரின் குரலோ நாடாவில் இருந்தால், ஓடக்கூடிய ஒரு பிளேயரை இரவல் வாங்கியாவது எம்.பி.3 ஆக்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. வாவிக் காற்றும் மார்கழி மழை ஈரமும் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

முதலில் கசெற்றின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட விடாதீர்கள். நாடாவை வாசிக்கும் பிளேயரின் ஹெட்டில் பொடி ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். அதைத் தெரிந்தவரிடம் துடைக்கக் கொடுக்க வேண்டும். வெயிலில் காய வைப்பது நாடாவை நெளிய வைக்கும். சுத்தமாக இருந்தால், கசெற்றின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுத் துண்டு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் சத்தம் மங்கலாகத்தான் வரும். பின் விளிம்பில் இருக்கும் பிளாஸ்ரிக் பற்களை உடைத்துவிட்டால் தவறி றெக்கோட் பட்டனை அமத்தினாலும் பழைய பதிவு அழியாது. பிறகு முழு நாடாவையும் ஒரு முறை முன்னுக்கும் ஒரு முறை பின்னுக்கும் வேகமாக ஓட்டுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட காதுப் பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள்.

இணைக்கும் இடத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து லப்டொப்பின் மைக் துளைக்கு வயர் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு பக்கச் சத்தம்தான் பதியும், அதுவும் கரகரக்கும். மைக் துளை மிகச் சின்னச் சத்தத்துக்காகச் செய்யப்பட்டது. லைன் இன் துளை (பிளேயரின் பெரிய சத்தத்தை வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி சவுண்ட் அடப்ரர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒடாசிற்றி (Audacity) இலவச மென்பொருள், 44.1 கிலோஹேட்ஸ், 16 பிட் என்று வைத்து, உச்சச் சத்தம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். ஒரு சி60 கசெற்றின் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மணித்தியாலம், அமுக்காத வேவ் கோப்பாக ஏறக்குறைய 635 மெகாபைட். அந்த வேவைத் தனியாகப் பத்திரப்படுத்தி, கேட்பதற்கு மட்டும் எம்.பி.3 எடுங்கள். குரல் மந்தமாக, போர்வைக்குள் இருந்து வருவதுபோல் கேட்டால், ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் உள்ள சின்ன ஸ்குரூவை மெதுவாக அரைக்கால் சுற்று அங்குமிங்கும் திருப்பி, கூர்மை வரும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு மெஷினில் பதிந்த கசெற்றுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

சீடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையில் சீடிகள் இருந்தால் கம்பியூட்டரில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் எரித்த சீடியை வெயில் படும் இடத்தில் வைத்தால் உள்ளே உள்ள சாயம் மங்கிப் பிறகு வாசிக்காது. கையில் கொண்டு திரியும் சீடி பிளேயர் டிஸ்க்கைச் சுழற்றுவதற்கே பற்றரியைக் குடிக்கும்.

மெமரி காட்: ஏமாறும் இடம்

காட், பென் ரைவ் போடும் ஸ்பீக்கரும் சின்ன எம்.பி.3 பிளேயரும்தான் குறைந்த காசுக்குச் சரி. அங்கும் காட்டின் கொள்ளளவுக் கணக்குத் தெரியாமல் வாங்கிவிட்டுத்தான் எங்கள் பழுது பார்க்கும் மேசைக்குக் கொண்டுவருகிறார்கள்.

நொடிக்கு 128 கிலோபிட் என்ற தரத்தில் உள்ள எம்.பி.3 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1 மெகாபைட் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு 4.8 மெகாபைட். 8 ஜீபி காட்டில் 1,600 பாட்டு அடங்கும். 320 கிலோபிட் என்றால் 660 பாட்டு. வேவ் என்றால் 150தான். பயான், கிராஅத் (குர்ஆன் ஓதல்), கதாப்பிரசங்கம் போன்ற பேச்சுக்கு 64 கிலோபிட் மோனோ (ஒற்றைத் தடம்) தாராளம். மணித்தியாலத்துக்கு 29 மெகாபைட்தான் போகும், அதே 8 ஜீபியில் 270 மணித்தியாலத்துக்கு மேல் அடங்கும். ஆகவே 128 ஜீபி காட் உங்களுக்குத் தேவையில்லை. மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் 32 ஜீபி வரைதான் வாசிக்கும். அதற்கு மேற்பட்ட காட்கள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஒழுங்கு செய்யப்பட்டு வரும், மலிவு சிப்புக்கு அது புரியாது. காட்டைப் போட்டும் பெட்டி சும்மா இருந்தால் முதல் சந்தேகம் இதுதான். 32 ஜீபி அல்லது அதற்குக் குறைந்த காட்டை ஃபேட்32 ஆக ஃபோமட் செய்தால் பாடும்.

128 கிலோபிட் பாட்டை 320க்கு மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள். போன ஒலி திரும்பாது, கோப்பு மட்டும் ஊதும்.

போலிக் காட் பெரிய தொல்லை. உள்ளே 8 ஜீபி இருக்கும். கட்டுப்படுத்தும் சிப்பைத் திருத்தி 64 என்று சொல்ல வைத்திருப்பார்கள். கம்பியூட்டரும் 64 என்றே காட்டும். நிரப்பும்போது எட்டைத் தாண்டியதும் புதுப் பாட்டுப் பழையதன் மேல் எழுதப்படும், அல்லது காற்றில் போகும். பெயர்கள் எல்லாம் இருக்கும், அமத்தினால் பாடாது, அல்லது நடுவில் 'கிர்' என்று நிற்கும். பெட்டி பழுது என்று நினைத்து ஸ்பீக்கரைக் கொண்டுவருபவர்கள் உண்டு. வாங்கிய அன்றே கம்பியூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவசச் சோதனையை ஓட்டுங்கள். முழுக் காட்டையும் எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். நொடிக்கு 10 மெகாபைட் எழுதும் காட் என்றால் 32 ஜீபி எழுதவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும், வாசிக்க வேறு நேரம். பொறுமையாக இருங்கள். கம்பியூட்டர் இல்லையென்றால் காட்டை முழுக்க நிரப்பி, முதலில் ஏற்றியதிலும் நடுவிலும் கடைசியிலும் சிலதைப் போட்டுக் கேளுங்கள்.

பாட்டு வரிசை குழம்புகிறது என்பது அடுத்த முறைப்பாடு. இது பழுதல்ல. மலிவுப் பெட்டி பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எந்தக் கோப்பு முதலில் கொப்பி ஆனதோ அதையே முதலில் பாடும். கூத்தின் வரவுப் பாட்டுக்கு முன்னால், முடிவில் பாடும் மங்களம் வருவது இதனால்தான். கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வைத்து, காட்டை ஃபோமட் செய்து, அந்த வரிசையிலேயே ஏற்றுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் எழுத்துச் சின்னத் திரையில் வெறும் கட்டமாகத்தான் வரும். கோப்புக்குள் பெரிய அட்டைப் படம் ஒட்டியிருந்தால் சில பெட்டிகள் அந்தப் பாட்டில் உறைந்து நிற்கும், படத்தை நீக்குங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது காட்டை இழுக்க வேண்டாம்.

பற்றரியும் சார்ஜரும்

பெட்டியின் முதுகைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் பாருங்கள். பழைய நோக்கியா போனில் வந்த பிஎல்-5சி வகைப் பற்றரி, அல்லது 18650 என்ற உருளைப் பற்றரி கழற்றக்கூடியதாக இருந்தால் நல்லது. ஒட்டிச் சால்டர் செய்த பை போன்ற பற்றரி ஊதிவிட்டால் அளவு தேடிப் பிடிப்பது கஷ்டம். 18650இல் 9,900 மில்லி அம்பியர்-மணி (mAh) என்று அச்சடித்திருந்தால் அது பொய். அந்த அளவு உருளைக்குள் நல்ல கம்பனிக்காரர் கூட 3,500க்குக் கிட்டத்தான் அடைக்கிறார்கள். உண்மையான 2,000 இருந்தாலே சின்ன ஸ்பீக்கரை நடுத்தரச் சத்தத்தில் ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்கலாம்.

யூஎஸ்பி சைப்-சி (Type-C) துளை உள்ள புதுப் பெட்டி சில சார்ஜரில் ஏறாது. இரண்டு முனையும் சைப்-சியாக உள்ள வயர் கொடுத்தால், பெட்டிக்குள் 5.1 கிலோஓம் றெசிஸ்ரர் இரண்டு இருந்தால்தான் சார்ஜர் கரண்டை விடும். மலிவுப் பெட்டி செய்பவர்கள் அந்தச் சில சதத்தை மிச்சம் பிடித்துவிடுவார்கள். பழைய அகல யூஎஸ்பி முனை உள்ள வயரைப் போட்டால் ஏறும். பழுது என்று எறிய வேண்டாம். அறுவடை முடிந்து பெட்டியை மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுக்க வடிந்து கிடந்தால் பற்றரி திரும்ப எழும்பாது. ஊதிய பற்றரியை அமத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது.

கரண்ட் இல்லாத வாடிக்கு, டபிள் ஏ பற்றரி போடும் எப்எம் ரேடியோவோடு காட் துளையும் உள்ள பெட்டி மேல். மழை வெள்ள நாளில் கரண்டும் சிக்னலும் போனாலும் செய்தி கேட்கலாம்.

கையில் இருக்கும் போன்

வீட்டில் திரை கீறிய பழைய ஸ்மார்ட் போன் கிடந்தால் எதுவும் வாங்காமல் அதையே பாருங்கள். சிம்மைக் கழற்றி, ஃபிளைற் மோட்டில் போட்டு, பாட்டைக் காட்டில் ஏற்றினால் மலிவு எம்.பி.3 பிளேயரை விடத் திறமாகப் பாடும். வரிசைக் குழப்பமும் இல்லை, தமிழ்ப் பெயரும் தெரியும். டேட்டாவில் கேட்பதுதான் காசைத் தின்னும். 128 கிலோபிட்டில் மணித்தியாலத்துக்கு 58 மெகாபைட், நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதத்துக்கு 5 ஜீபிக்கு மேல். வீடியோவாகப் போட்டுக் கேட்டால் அதைவிடப் பல மடங்கு.

ஹெட்செற்றுக்குக் காசு ஒதுக்குங்கள். மொத்தக் காசில் பாதி பெட்டிக்கு, கால்வாசி நல்ல காட்டுக்கு, கால்வாசி ஹெட்செற்றுக்கு என்பது எங்கள் கணக்கு. போன் ஹெட்செற்றின் முள்ளில் (துளைக்குள் செருகும் முனையில்) நாலு தொடர்பு, பழைய பிளேயரின் துளையில் மூன்று. சரியாகப் பொருந்தாவிட்டால் பாடகரின் குரல் மட்டும் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்கும், ஏனென்றால் பொதுக் கம்பி தொடாமல் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. முள்ளைச் சற்று வெளியே இழுத்துப் பாருங்கள். கடலோரத்தில் முள் பச்சை பிடித்தாலும் இதே கோளாறு வரும். அல்கஹோலால் துடைத்தால் போதும்.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு பெரியவருக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். உழவு மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று கூட்டினால் அந்த நேரம் வேகமாகத் தீர்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் காதுக்குள் செருகி ஓடுவதைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் சொந்தக் காட்டில் பத்துப் பாட்டை 001இலிருந்து பெயரிட்டு ஏற்றிக்கொண்டு போங்கள். அதைப் போட்டு முழுச் சத்தத்தில் ஒரு பாட்டு, மெல்லிய சத்தத்தில் ஒரு பாட்டுக் கேளுங்கள். சார்ஜ் வயரைச் செருகி மெதுவாக ஆட்டிப் பாருங்கள், லைற் விட்டுவிட்டு எரிந்தால் துளை தளர்வு. ஹெட்செற்றைப் போட்டு முள்ளை உருட்டுங்கள். பற்றரி என்ன வகை என்று கேட்டு, அதையும் காட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய நாட்களையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.