டன் கணக்கில் பில், தெருவில் குப்பை

உள்ளாட்சி அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் செய்துகொள்ளும் சேவை ஒப்பந்தங்களில், பேசியபடி வேலை நடந்திருக்கிறதா என்று சரிபார்த்துத் தருவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியில் குப்பை அகற்றும் ஒப்பந்தத்தின் பில்களைப் பார்க்கச் சென்றிருந்தேன். எடைமேடைச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கியபோது, மழை பெய்த நாட்களில் எல்லாம் குப்பையின் எடை ஏறியிருந்தது தெரிந்தது. அதில் வியப்பில்லை, நனைந்த குப்பை கனக்கத்தான் செய்யும். ஆனால் மழையே இல்லாத சில நாட்களிலும் எடை ஏறியிருந்தது. கிடங்கில் நின்று பார்த்தால் சில லாரிகளின் அடித்தட்டில் உடைந்த செங்கல்லும் சாலையோர மண்ணும் கிடந்தன. அதே வாரத்தில் மூன்று வார்டுகளில் வீட்டு வாசலுக்குக் குப்பை வண்டி வரவேயில்லை என்று மக்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பில்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பந்தம் ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று மட்டும் சொன்னது, அந்த டன் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒப்பந்ததாரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட என்னால் முடியவில்லை. எதை அளந்து பணம் தருகிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். சென்னை மாநகராட்சி 2000-ஆம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியை முதன்முதலாகத் தனியாரிடம் கொடுத்தபோதும் எடைக்குத்தான் கூலி. இந்த முறையில் இன்னொரு முரணும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தரச் சொல்லின. மக்கள் மக்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கினால் நகருக்கு நல்லது. ஆனால் எடைக்குக் கூலி வாங்குபவருக்கு அது வருமான இழப்பு. விதியின் நோக்கம் ஒரு பக்கமும் பணம் இன்னொரு பக்கமும் இழுத்தால் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையின் தென்பகுதி மண்டலங்களுக்காக 2020-இல் தொடங்கிய ஒப்பந்தம் எடையை விட்டு, செயல்திறன் குறியீடுகளை, அதாவது வேலை எவ்வளவு நன்றாக நடந்தது என்று காட்டும் அளவுகளை, வைத்துப் பணம் தரும் முறைக்கு மாறியதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அளவீடு என்று பேசும்போது நம் அலுவலகங்களில் மூன்று வேறு பொருள்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. எத்தனை ஆட்கள், எத்தனை வண்டிகள் என்பது போட்ட முதல். எத்தனை தெரு பெருக்கினார்கள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்பது செய்த வேலை. தெரு சுத்தமாக இருக்கிறதா, பயிற்சி பெற்றவர் வேலையில் இருக்கிறாரா என்பதே விளைவு. நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை வருகைப் பதிவேட்டோடும் புகைப்படத்தோடும், அதாவது முதல் இரண்டோடு, நின்றுவிடுகின்றன. அவற்றை எண்ணுவது எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

விளைவுக்கு மட்டும் பணம் என்று எழுதிவிட்டாலும் சிக்கல் தீர்ந்துவிடாது. பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தில், வேலையில்லாதவரைப் பணியில் சேர்த்தால் மட்டும் போதாது, அவர் அந்தப் பணியில் மாதக்கணக்கில் நீடித்தால்தான் விளைவுக்கான தொகை என்று விதித்தார்கள். பெரும்பாலோருக்கு ஆறு மாதம், வேலை கிடைப்பது கடினமானவர்களுக்கு மூன்று மாதம். எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, உடல்நலம் குன்றியவர்களை ஒப்பந்ததாரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து, கடினமான பிரிவினருக்குக் கூடுதல் தொகையும் வைத்தார்கள். அப்படியும் அந்த ஒதுக்கல் நின்றபாடில்லை என்பதே அந்தத் திட்டத்தைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த குறை. எனக்கு அதில் வியப்பில்லை. ஒருவரை ஒதுக்கிவைப்பதால் கிடைக்கும் லாபம், அவருக்காக வைத்த கூடுதல் தொகையை விடப் பெரிதாக இருந்தால், கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமும் ஒதுக்கத்தான் செய்யும்.

நன்றாக அளந்த ஒப்பந்தம் ஒன்றைக் காட்டச் சொன்னால், ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை 'எஜுகேட் கேர்ள்ஸ்' தொண்டு நிறுவனம் நடத்திய திட்டத்தைச் சொல்வேன். முதலில் பணம் போட்டது ஓர் அறக்கட்டளை, விளைவு கிடைத்தால் அதைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டது வேறொரு அறக்கட்டளை, அளந்து சொன்னது இவற்றில் எதையும் சாராத மூன்றாவது நிறுவனம். அளந்தவை இரண்டே: பள்ளிக்கு வெளியே இருந்த சிறுமிகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குழந்தைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் எவ்வளவு முன்னேறினார்கள். தொகையில் 80 விழுக்காடு கற்றலுக்கு, 20 விழுக்காடு சேர்க்கைக்கு. பெயரைப் பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது, படிக்க வைப்பது கடினம் என்பதை அந்தப் பங்கீடு சொல்கிறது. கற்றலில் ஏற்பட்ட முன்னேற்றம் திட்டத்தால்தான் வந்ததா என்பதை அறிய, திட்டம் நடக்காத பள்ளிகளின் குழந்தைகளையும் சோதித்து ஒப்பிட்டார்கள்.

எனக்கு அதில் பிடித்தது இரண்டாம் ஆண்டின் முடிவு. கற்றல் இலக்கில் பாதிதான் அப்போது எட்டியிருந்தது. ஆண்டுதோறும் அளந்ததால் அந்தக் குறை உடனே தெரிந்தது. குழந்தைகளை வகுப்புவாரியாக அல்லாமல் திறன்வாரியாகப் பிரித்தார்கள், பாட வேளைகளைக் கூட்டினார்கள், வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனார்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில் கற்றல் இலக்கில் 160 விழுக்காடும் சேர்க்கை இலக்கில் 116 விழுக்காடும் எட்டின. பில்லை நிறுத்துவதற்கு மட்டும் அளந்திருந்தால் இது நடந்திருக்காது.

இந்த அளவுக்கு அளக்கச் செலவாகும், சிறு நகராட்சிக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் இன்றைய நிலையை ஒருமுறையாவது அளந்து எழுதி வைக்கப் பெருஞ்செலவு ஆவதில்லை. அது இல்லாததால், 'முன்பை விட மேம்பட்டது' என்ற வாதத்தை இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். அளப்பவர் ஒப்பந்ததாரரின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. வேலை குறைந்தால் பணத்தில் பிடித்தம் என்று எழுதும்போது அது யார் தலையில் விழும் என்றும் பார்க்க வேண்டும். குறியீடு குறைந்த மாதத்தில் நிறுவனம் தன் லாபத்தில் கைவைக்காமல் தூய்மைப் பணியாளர்களின் கூலியைக் குறைத்த ஓர் ஒப்பந்தத்தைக் கண்ட பிறகு, கூலியைத் தொடாமல்தான் பிடித்தம் என்ற வரியை நான் சரிபார்க்கும் ஒவ்வொரு வரைவிலும் சேர்க்கச் சொல்கிறேன்.

அந்த நகராட்சியின் அடுத்த ஒப்பந்தத்தில் எடையை எடுத்துவிட்டு, பிரித்து வாங்கிய வீடுகளின் எண்ணிக்கையையும் 24 மணி நேரத்தில் தீர்த்த புகார்களையும் வைத்தார்கள். இரண்டு மாதங்களில் எல்லாப் புகார்களும் உரிய நேரத்தில் தீர்ந்ததாகப் பதிவு வந்தது. பக்கத்துச் சுத்தமான தெருவைப் படமெடுத்துப் புகாரை முடித்து வைத்திருந்தார்கள். அதன்பின், புகார் கொடுத்தவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே புகாரை முடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினோம். அடுத்த மாதம் தீர்ந்த புகார்களின் விகிதம் விழுந்தது, புதிய புகார்களின் எண்ணிக்கை ஏறியது. 'புது முறை வந்து நிலைமை மோசமாகிவிட்டதே' என்று மன்றக் கூட்டத்தில் கேட்டார்கள். சொன்னால் வண்டி வரும் என்று தெரிந்ததால்தான் மக்கள் புகார் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்று வார்டு வார்டாகக் காட்டி விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.